பாதித் தெருவுக்குப் பெரிய குழாய்

மல்லி பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை அணைத்துவிடுவார் ஜெய்தூன் பீவி. மூக்குக்கண்ணாடியில் படிந்த தூளை முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டு, “ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்…” என்று ஆரம்பிப்பார். பதில் சொல்லாமல் தூள் கைக்கு வராது.

ஆத்தூர்ப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் அவர் வார்டு உறுப்பினர். மாவு மில்தான் அலுவலகமும். மனு கொடுக்க வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் கொடுக்க வேண்டும்.

இந்த வருடம் அவரை ஆட்டி வைத்தது குடிநீர்க் குழாய். தெருவுக்கடியில் கிடந்த பழைய இரும்புக் குழாய் இற்றுப்போய், ஊரே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. ஓவர்சியர் பிராங்கிளின் மில்லுக்கு வந்து, கோதுமை மூட்டை மேல் வரைபடத்தை விரித்தார்.

“ஃபண்டு இம்புட்டுத்தாம்மா. பெரிய குழாயாப் போட்டா முப்பது வருசத்துக்குக் கவலையில்ல, ஊரு எம்புட்டுப் பெருத்தாலும் தாங்கும். ஆனா பள்ளிவாசல் முக்கோட நின்னுரும். சின்னதுன்னா தெருக் கடைசி வரைக்கும் போகும். பத்து வருசத்துல பத்தாமப் போயி, திரும்பத் தோண்டணும்.”

“பெருசு போட்டா மிச்சத் தெருவுக்கு?”

“அடுத்த ஃபண்டு வரணும்மா.”

“எப்ப வரும்?”

பிராங்கிளின் வரைபடத்தைச் சுருட்டினார்.

அவர் மில்லும் வீடும் முக்குக்கு இந்தப் பக்கம், பெரிய குழாய் வந்துசேரும் பக்கம். அதுதான் சிக்கல். பெரிய குழாய்தான் சரி என்று ஒரு மனம் சொன்னால், உன் வீட்டுக்குத் தண்ணீர் வருகிறதே என்று இன்னொரு மனம் மடக்கியது. சரி, சின்னதே போதும் என்று படுத்தால், பின்னால் தெருவைக் கொத்தப்போகிறவர்களின் ஏச்சு காதில் விழுந்தது. மில்லுக்கு வந்தவர்களைக் கேட்டார். முக்குக்கு எந்தப் பக்கம் குடியிருந்தார்களோ அந்தப் பக்கத்துப் பதிலையே சொன்னார்கள்.

தெருக் கடைசி வீட்டுச் சடையாண்டி கேழ்வரகுப் பையோடு வந்தார். “எனக்கே வயசு போயிருச்சு மெம்பரம்மா. முப்பது வருசக் குழாய வச்சு நான் என்ன செய்ய? லாரிக்கு ஓடுற காலு இன்னைக்குல்ல வலிக்குது?”

பேரூராட்சிக் கூட்டத்தில் மற்ற உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து, கடைசியில் இவர் முகத்தைப் பார்த்தார்கள். “பெருசே போடுங்க” என்றார் ஜெய்தூன் பீவி. சொன்ன கையோடு பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி, “சரிதானே?” என்று கேட்டார்.

குழாய்க்குத் தோண்டிய பள்ளம் பள்ளிவாசல் முக்கோடு நின்றது. அன்று சாயங்காலம் சடையாண்டி அதன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். “எங்க பக்கம் எப்ப மெம்பரம்மா?”

“தெரியலண்ணே.”

மறுநாள் வீட்டுக்கு வீடு கனெக்‌ஷன் கொடுக்க வந்த பிளம்பர், அவர் வாசலில் கடப்பாரையை ஊன்றினார்.

“எனக்குக் கடைசியில குடுப்பா.”

“கடைசின்னா? முக்கு வீட்டுக்கு அப்புறமாம்மா?”

ஜெய்தூன் பீவியின் கை நீண்டு, முக்கைத் தாண்டி, இன்னும் தோண்டாத தெருவைக் காட்டிக்கொண்டு நின்றது.