கத்திரி வெயிலில் போட்ட சைனாப் பத்து

மார்கழிக் குளிருக்குக் கத்திரி வெயிலில் மருந்து போட்டுக்கொண்ட ஆள் எங்கள் ஆம்பூரில் அநேகமாக நான் ஒருத்திதான்.

சின்ன வயதில் எனக்கு இழுப்பு உண்டு. மற்ற மாதங்களில் தெருவெல்லாம் ஓடுவேன். மார்கழிப் பனி இறங்கினால் போதும், நெஞ்சுக்குள் யாரோ ஊதல் ஊதுவதுபோல் சத்தம் வரும். டாக்டர் கொடுத்த மாத்திரையோடு, பக்கத்தில் ஒரு ஆளும் இருக்க வேண்டும். அப்பா தோல் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். ஆகவே ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற அம்மாதான் லீவு போடுவாள். அந்த வருஷம் சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"அடுத்த மார்கழிக்கும் லீவுன்னு வந்து நிக்காதம்மா. உன் மிஷின்ல வேற ஆளு குந்திக்கும்."

அம்மா இதை மாமாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா அம்மாவின் தம்பி. எங்களோடு இருந்தார். அதே கம்பெனியில் சோல் ஒட்டுகிற வேலை. அன்றிலிருந்து அம்மாவின் மிஷின் என் நெஞ்சுக்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

கோடையில் கம்பெனிக்குப் புது மிஷின்கள் வந்தன. ஓட்டிக் காட்ட சைனாவிலிருந்து ஒரு அம்மாவும் வந்தார். எல்லோருக்கும் அவர் சைனாம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. இருந்தும் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அம்மா என் இழுப்பை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தே காட்டினாளாம். லைனில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். சைனாம்மா சிரிக்கவில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வட்ட வட்டமான பிளாஸ்திரி, நடுவில் நம் ஊர்ப் பத்துபோல் கறுப்பாக ஒரு களிம்பு. கடுகும் இஞ்சியும் சேர்ந்து மூக்கில் ஏறும் வாசனை. வெளியே வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. அவர் வெயிலைக் காட்டி, என் முதுகைக் காட்டி, பிறகு குளிரில் நடுங்குவதுபோல் நடித்து, கையை 'இல்லை' என்று ஆட்டினார். இந்த வெயிலில் போட்டால் அந்தக் குளிரில் வராது.

மாமாவுக்கு இது பிடிபடவில்லை. "இன்னாக்கா இது பேஜாரு? சளி புடிக்கிறது மார்கழியில, பத்து போடறது கத்திரியிலயா?"

"நீ மூடு. மழைக்கு முன்னாடிதான கூரை வேய்றோம்?" என்றாள் அம்மா.

சைனாம்மா என் சட்டையைத் தூக்கி, முதுகில் இரண்டு ஒட்டி, உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. முதுகு சுள்ளென்றது. திரும்பிப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையும் மருந்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன். எழுந்ததும் என் தலைமேல் கையை வைத்து, அந்தக் கையை அதே உயரத்தில் தன் இடுப்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கொஞ்சம் கீழே இறக்கிக் காட்டி ஏதோ சொன்னார். எங்கள் ஊரில் யாராவது அளவெடுத்தால் ஒன்று சட்டை, இல்லாவிட்டால் ஷூ. எனக்குச் சைனாச் சட்டை வரப்போகிறது என்று முடிவு செய்தேன்.

வெயில் சாய்ந்ததும் எடுத்துவிட வேண்டும், பத்துப் பத்து நாள் இடைவிட்டு இன்னும் இரண்டு தரம் போட வேண்டும் என்று கடிகாரத்தையும் காலண்டரையும் காட்டிவிட்டுப் போனார்.

இரண்டாவது தரம், அம்மா பத்தை ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். என்னைப் பார்த்துக்கொள்ள அன்று ஒரு நாள் லீவு போட்ட மாமா. வேர்வையில் பத்து வழுக்கி வழுக்கி இடுப்புக்கு வந்தது. மாமா பொறுத்துப் பார்த்தார். பிறகு கம்பெனியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சின்ன டப்பாவை எடுத்தார். சோல் ஒட்டுகிற சொல்யூஷன்.

"நான் ஒட்டின சோலே நாலு வருஷம் தாங்கும் பாப்பா. இது சாயங்காலம் வரைக்கும் தாங்காதா?"

தாங்கியது. முதுகு எரிந்தது. எரிகிற அளவுக்கு மார்கழி தள்ளிப்போகும் என்று நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். அம்மா வந்து இழுத்தபோது பிளாஸ்திரியோடு தோலும் வருவதுபோலிருந்தது. ஊரைக் கூட்டினேன்.

"தின்னர் போட்டா வந்துடும்க்கா," என்றார் மாமா.

"எம்பொண்ணு முதுகு இன்னா பூட்ஸாடா?"

அம்மா ஓடிப்போய்ச் சைனாம்மாவைக் கூட்டிவந்தாள். அவர் குனிந்து என் முதுகை முகர்ந்தார். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா டப்பாவைப் பின்னால் மறைத்துக்கொண்டார். சைனாம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நகத்தால் ஓரம் ஓரமாகப் பிரித்தெடுத்தார். முதுகில் இரண்டு சிவப்பு வட்டம். அதன்மேல் ஊதினார். அது ஆறின பிறகு, மூன்றாவது, கடைசிப் பத்தை அவரே வந்து வேறு இடத்தில் போட்டார். கை வெகுநேரம் இருந்தது. மழை தொடங்குமுன் அவர் ஊருக்குப் போய்விட்டார்.

மார்கழி வந்தது. இழுப்பும் வந்தது, ஆனால் லேசாக, ஏதோ வழக்கத்துக்கு வந்து தலைகாட்டிவிட்டுப் போவதுபோல. அம்மா லீவு கேட்கவில்லை. மாமா அந்த மாதம் மட்டும் நைட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு, பகலெல்லாம் என் பக்கத்தில் தூங்கி விழுந்துகொண்டிருந்தார். பேர் என்னவோ சைனாப் பத்துக்குத்தான். கேட்டால் மாமாவே, "சொல்யூஷன் போட்டு ஒட்டினதாலதான் புடிச்சுது," என்பார்.

அம்மாவின் மிஷினில் பிற்பாடு நானும் உட்கார்ந்தேன். வெகு வருஷம் கழித்து, வேறு ஊரில் திறந்த கம்பெனிக்குத் தையல் கற்றுக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். மகளை அம்மாவிடம் விட்டுப் போனேன். அங்கே மெஸ்ஸில் சமைக்கிறவரின் சின்னப் பெண், மூக்கு ஒழுக ஒழுக என் பக்கத்தில் வந்து நின்றது. என் கை அதன் தலைமேல் போனது. பிறகு தானாகவே என் இடுப்புக்கு வந்து, கொஞ்சம் கீழே இறங்கி நின்றது.

"எம்பொண்ணு இவ்ளோதான் இருப்பா," என்றேன்.

சொன்ன பிறகு, கையை அங்கிருந்து எடுக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

சைனாம்மா ஊருக்குப் போன அந்த வருஷம், தீபாவளி வரைக்கும் நான் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். சட்டை என்ன நிறத்தில் வரும் என்பதுதான் அப்போது என் யோசனை.