கணினியில் கட்டிய ஊர்

நெடுஞ்சாலைக்காக இடிபட இருந்த நகரிப் பக்கத்து ஊரை அளந்து, படமெடுத்து, திருப்பதியில் கணினிக்குள் கட்டினோம். வரலாற்றுப் பேராசிரியரான நான்தான் பொறுப்பு.

எங்கள் கல்லூரி வேன் டிரைவர் அந்த ஊர்க்காரர். நரைத்த மீசை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு. அவர் குவைத்தில் இருந்தபோது வீடு இடிபட்டுவிட்டது.

"நைனா கட்டுன வூட்ட ஒருவாட்டி பாத்துக்கறேன் சார்" என்றார்.

கணினிக்குள் கட்டிய ஊரைக் கண்முன் காட்டும் கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டேன். பெரிய தெரு தெரிந்ததும் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் வீட்டார் அந்தத் தெருவில் அப்படித்தான் நடக்க வேண்டியிருந்தது. கோயிலைத் தாண்டியதும் நின்றுவிட்டார்.

"அப்பால ஒண்ணுமே இல்லியே சார். எங்க காலனி எங்க?"

"பணம் தீர்ந்துவிட்டது" என்றேன். பொய். கோயிலைத் தூண் தூணாக அளந்த நாங்கள் காலனிப் பக்கம் போகவே இல்லை.

"பரவால்ல சார். ஊரு அச்சு அசலா அப்டியே கீது" என்று சிரித்தார்.

பாராட்டினாரா என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.