நான் ஆய்வாளராக்கிய அக்கா

செஞ்சியில் மானிய விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்து அப்போது ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மாடு வளர்ப்பவர்களுக்குத் தீவனம் வெட்டும் மிஷின், கோழிக் கூண்டு, மருந்துத் தெளிப்பான் என்று அரசு பாதி விலையில் தரும் பொருள்களுக்கு மக்கள் இணையதளத்தில் விண்ணப்பிப்பார்கள். அதற்கு முதலில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். அந்தக் கணக்கை யாராவது ஒருவர் பார்த்து, சரி என்று திறந்துவிட வேண்டும். அந்த யாராவது ஒருவர் நான்தான்.

கணக்கு தொடங்கும்போதே நீங்கள் யார் என்று தளம் கேட்டுவிடும். விண்ணப்பதாரர் என்றால் விண்ணப்பம் போடலாம், அவ்வளவுதான். கள ஆய்வாளர் என்றால் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து, குறிப்பு எழுதி, பரிந்துரைக்கலாம் அல்லது திருப்பி அனுப்பலாம். ஒப்புதல் தரும் அதிகாரி கடைசியில் முடிவு செய்வார். யார் எந்தக் கதவு வழியாக உள்ளே போகலாம் என்பது என் ஒரு சொடுக்கில் இருந்தது. சம்பளத்துக்குச் சம்பந்தமே இல்லாத இந்த அதிகாரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கல்யாண வீடுகளில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், "அப்ரூவல் நம்ம கையிலதான்" என்று சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு வாரம் சர்வர் படுத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் அது எழுந்தபோது என் திரையில் கணக்குகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. மாற்றலாகி வந்த நாலைந்து ஆய்வாளர்களின் கணக்குகளும் அவற்றில் கலந்திருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து, ஆதார் படத்தையும் பெயரையும் ஒப்பிட்டு, என்ன வகைக் கணக்கு என்று பார்த்துத்தான் அனுமதிக்க வேண்டும். முப்பது வரைக்கும் அப்படித்தான் செய்தேன். அப்போது பக்கத்து மேசைக்குச் சூடாக போண்டா வந்தது. பட்டியலின் தலையில் 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் ஒரு டிக் போட்டேன். போண்டா நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஓர் அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும். பனமலைப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். கையில் போன், மஞ்சள் பையில் நீளமான ஒரு நோட்டு.

"சார், ஒரு சந்தேகம். என்னுதை நானே பார்க்கலாமா?"

"எதைக்கா?"

"என் மாட்டை. மீதி பதிமூணு ஊட்டையும் பார்த்துட்டேன். இன்னும் என் ஊடுதான் பாக்கி. என் மாட்டை நானே பார்த்து நானே சரின்னு போட்டுக்கினா நல்லாவா இருக்கும்? அதுக்கு வேற ஆளை அனுப்புங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். 'கள ஆய்வாளர், உங்கள் பகுதியில் 14 விண்ணப்பங்கள் நிலுவையில் உள்ளன. மூன்று நாட்களுக்குள் முடிக்கவும்' என்று இருந்தது.

பிரவுசிங் சென்டரில் கணக்கு தொடங்கிக் கொடுத்தவர் விண்ணப்பதாரர் என்பதற்குப் பதில் அதற்கு அடுத்த வரியைத் தொட்டிருக்கிறார். நான் போண்டா தின்றபடி அதை அனுமதித்திருக்கிறேன். முகவரியில் இருந்த ஊரை வைத்து, அந்தச் சுற்றுவட்டாரத்தில் நின்றிருந்த எல்லா விண்ணப்பங்களையும் தளம் இந்த அக்காவிடம் ஒப்படைத்துவிட்டது. அவர் முன்பே காகிதத்தில் கொடுத்து, எங்கள் அலுவலகம் தளத்தில் ஏற்றியிருந்த சொந்த விண்ணப்பமும் அவற்றில் ஒன்று.

"மெசேஜ் வந்தப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலியாக்கா?"

"கவர்மெண்ட்டு சொன்னா செய்யணும் இல்ல? ஊருக்கு ஒருத்தரைப் போட்டிருக்கறாங்கபோலன்னு நெனைச்சேன். மகளிர் குழுவுல நான்தான் தீர்மான நோட்டு எழுதறது. அதனால என்னைப் போட்டிருப்பாங்கன்னு..."

அவரை உட்காரச் சொல்லிவிட்டு அதிகாரி அறைக்குப் போனேன். வந்து ஒரு மாதமே ஆன மேடம். சிரித்து நான் பார்த்ததில்லை. போண்டாவை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் திரையில் அக்கா எழுதிய குறிப்புகளைத் திறந்தார். படிக்கப் படிக்க அவர் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பிறகு உரக்கவே படித்தார்.

"'மாடு மூணு. கொட்டகை ஒழுகுது. மிஷின் வெச்சா துருப்பிடிச்சிடும். முதல்ல கூரை போடட்டும், அப்பால குடுக்கலாம்.' 'மாடு ரெண்டு. கவனிப்பு நல்லா இருக்குது. ஆனா கரண்ட்டு இல்ல, மிஷின் எதுல ஓடும்? விசாரிக்கவும்.' 'மாடே இல்ல. கேட்டதுக்கு மேய்ச்சலுக்குப் போயிருக்குதுன்றாரு. ரெண்டு தடவ போய்ப் பார்த்துட்டேன். குறிப்பு: இவர் என் வீட்டுக்காரருக்கு அண்ணன்.'"

அதைப் படித்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சிரித்து முடித்ததும் பழைய முகத்துக்கு வந்துவிட்டார். "கணக்கை இப்பவே மாத்துங்க. அவங்க எழுதினது எதுவும் செல்லாது. ஆய்வாளர் போய் எல்லாத்தையும் மறுபடி பார்க்கணும். நடந்ததை நடந்தபடி எழுதி என்கிட்ட குடுங்க. அப்புறம், ஆய்வாளர் போறப்ப நீங்களும் கூடப் போங்க. பதினாலு வீட்டுக்கும்."

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள் மொபெட்டில் வெயிலில் சுற்றியவரிடம், நீங்கள் ஆய்வாளரே இல்லை என்று எப்படிச் சொல்வது? தப்பு என்னுடையது என்றேன்.

"அப்ப, கவர்மெண்ட்டு என்னை அனுப்பவே இல்லியா?"

"இல்லக்கா."

"ஐயய்யோ! நான் கவர்மெண்ட்டு ஆளுன்னு சொல்லிக்கினு கட்டுத்தரை கட்டுத்தரையா பூந்து வந்தேனே சார்!" வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்புதான். ஆனால் அது அடங்கியதும் முகம் சற்று வாடியது. "எங்க ஊட்டுக்காரரோட அண்ணன், அந்த மச்சாண்டாரு, ரெண்டு நாளா எங்க ஊட்டுல யார்கிட்டயும் பேசறதில்ல. இப்ப நான் எழுதனது செல்லாதுன்னு தெரிஞ்சா வெடி வெச்சிக் கொண்டாடுவாரு."

அன்றே அவரை விண்ணப்பதாரராக மாற்றினேன். ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து மாற்றினேன்.

அந்தப் பகுதிக்கு உண்மையான ஆய்வாளர் ஓர் இளைஞர். மூன்று நாளாகத் தன் பட்டியல் காலியாக இருந்ததில் மகிழ்ந்து, பார்க்காமல் விட்ட உறவினர் வீடுகளை எல்லாம் பார்த்து முடித்திருந்தார். "ஜனங்க நிறைவா இருக்காங்கபோலன்னு நெனைச்சேன் பாஸ்" என்றார். மறு வாரம் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

அதுவரை அந்த ஊர்கள் எனக்குப் பட்டியலில் ஒரு வரி. ஆதார் படத்தில் முறைத்துக்கொண்டிருந்த பெரியவர் நேரில் கன்றுக்குட்டியைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். போனை எடுக்கவே மாட்டார் என்று நான் திட்டிய பெண்ணுக்கு, ஏரிக்கரைக்கு வந்தால்தான் டவர் கிடைக்கும். போன இடமெல்லாம் எங்களுக்கு ஒரே பதில்தான்: "அதான் அந்த அம்மா வந்து பார்த்துட்டு எழுதிக்கினு போச்சே? மறுபடியும் இன்னாத்துக்கு?" கூரை ஒழுகியது உண்மை. கரண்ட்டு இல்லாததும் உண்மை. ஆய்வாளர் எழுத எழுத, அக்காவின் குறிப்பையே நல்ல தமிழில் திருப்பி எழுதுவது போலத்தான் வந்தது.

மச்சாண்டார் வெள்ளைச் சட்டையில் வாசலிலேயே காத்திருந்தார்.

"மாடு எங்கங்க?" என்றார் ஆய்வாளர்.

"மேய்ச்சலுக்குப் போயிருக்குது சார்."

"தண்ணி காட்டற தொட்டி?"

"அது... கழுவி வெச்சிருக்கோம்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "சாணியும் மேய்ச்சலுக்குப் போயிடுச்சின்னு சொல்லேன்! இல்லாத மாட்டை எங்கேருந்து ஓட்டியாருவ? இல்லன்னு சொல்லிட்டு, வந்தவங்களுக்குத் தண்ணி குடு."

மச்சாண்டார் எங்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். "வாங்கணும்னுதான் சார் இருக்குது. மொதல்ல மிஷினு, அப்பால மாடுன்னு ஒரு பிளானு." தண்ணீரோடு முறுக்கும் வந்தது. நாங்கள் கிளம்பும்போது அவரும் சட்டையை உதறிக்கொண்டு கூடவே நடந்தார். கடைசி வீடு அவர் தம்பி வீடு.

அங்கே அக்கா மாடுகளைக் கழுவி நிறுத்தியிருந்தார். ஆய்வாளர் எண்ணினார், கொட்டகையைப் பார்த்தார், சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், குறிப்பு எழுதினார்.

"சார், இன்னா எழுதினீங்கன்னு பார்க்கலாமா?"

காட்டினார். 'மாடுகள் மூன்று. கொட்டகை, மின் இணைப்பு உள்ளன. பரிந்துரைக்கப்படுகிறது.' அக்கா அதை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தார்.

"நடு மாடு சினை. அதை எழுதலியே? இன்னொரு வாய்க்கும் சேர்த்து இல்ல தீவனம் வெட்டணும்?"

"அது தேவையில்லம்மா."

"தேவையில்லன்னாலும் இருக்கறது இருக்குது இல்ல?"

இதுவரை ஓரமாக நின்ற மச்சாண்டார் வாயைத் திறந்தார். "எழுதிடுங்க சார். உடாது அது. என்னையே உடல." அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "சாப்டியா மாமா? உள்ள குழம்பு இருக்குது" என்றார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

ஆய்வாளர் அந்த வரியைச் சேர்த்தார். இரண்டு மாதத்தில் மிஷின் வந்தது. என் விளக்கக் கடிதத்தில் மேடம் 'எச்சரிக்கப்பட்டார்' என்று சிவப்பு மையில் எழுதிக் கோப்பில் வைத்துவிட்டார். அதோடு, ஆய்வாளர்களின் மாதக் கூட்டத்தில் அக்காவின் பதிமூன்று குறிப்புகளையும் பெயர்களை எடுத்துவிட்டு அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். "இப்படிப் பார்த்துட்டு வந்து எழுதுங்க" என்றார். யார் எழுதியது என்று கேட்டவர்களிடம், "நேர்ல போய்ப் பார்த்தவங்க" என்று மட்டும் சொன்னார். நான் குனிந்து பிரிண்டருக்குப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தேன்.