பச்சைக் காரும் சிவப்புக் காரும்

கல் ஆராய்ச்சிக்காக அரியலூரில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் துரை, சீமைக்குத் திரும்பும் சமயத்தில் தம் இரண்டு கார்களையும் விற்பதாகச் சொன்னார். இரண்டும் சீமையில் செய்த, இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் கார்கள். என் மனைவியின் தம்பிக்கு அவசரமாக ஒரு கார் வேண்டியிருந்தது. அவன் மனைவிக்கு முதல் பிள்ளை தவறிப்போயிருந்தது. இந்த முறை வலி எடுத்ததும் திருச்சிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எதையும் ஒழுங்காகப் பார்ப்பவன் என்று என்னைத் துணைக்கு அழைத்துப் போனான்.

பெரம்பலூர் சாலையில் இரண்டிலும் போய் வந்தோம். பச்சைக் கார் மேட்டில் திணறாமல் ஏறியது. பிரேக்கும் நன்றாகப் பிடித்தது. ஆனால் அதற்குக் கதவில்லை. பக்கத் தகட்டைத் தாண்டித்தான் காலை உள்ளே வைக்க வேண்டும். சிவப்புக்குக் கதவு உண்டு. ஆனால் என்ஜின் சூடு பாதத்தைச் சுட்டது. மேடு வந்தால் இரைந்தது. பச்சை என்று முடிவு செய்தால் கதவு ஞாபகம் வந்தது. சிவப்பு என்றால் மேடு.

"எதுன்னு சொல்லுங்க மாமா."

"பச்சை நல்லா ஓடுது. சிவப்புல சுலபமா ஏறலாம்."

"ரெண்டுலயும் மாமியாருக்கு எடமில்ல. அந்த வரைக்கும் ரெண்டும் நல்ல கார்தான்."

துரை சொன்ன விலையைக் குறைத்துக் கேட்க நினைத்தான் மச்சினன். மாட்டுச் சந்தையில் நாங்கள் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துக் காட்டுவோம். அதே பழக்கத்தில், துண்டைப் போர்த்தித் துரையின் விரல்களைப் பிடித்தான். வியாபாரம் முடிந்து கைகொடுக்கிறான் என்று எண்ணிய துரை, பலமாகக் குலுக்கிவிட்டு, அவன் சாய்ந்து நின்ற காரின் சாவியைக் கொடுத்தார். அது சிவப்பு.

"என்ன மாமா, வாங்கிட்டமா?"

"அப்படித்தான் தெரியுது."

"யார் சொன்ன விலைக்கு?"

எனக்கும் விளங்கவில்லை. துரை சொன்ன விலைக்குத்தான் என்று பிறகு தெரிந்தது.

முதல் நாளே வீட்டுக்கு வரும் வண்டித்தடத்தின் நடுமேடு காரின் அடியில் இடித்தது. அன்றிலிருந்து கார் பெரிய சாலையோரத்திலேயே நின்றது. வலி எடுத்தபோது அவன் மனைவியை மாட்டுவண்டியில் அங்கே கொண்டுவந்து, கதவைத் திறந்து, நானும் என் மனைவியும் தாங்கி உட்காரவைத்தோம்.

"அண்ணே, இம்புட்டுப் பள்ளத்துல உக்கார வெச்சிட்டீங்களே, எப்படி எந்திரிப்பேன்?"

நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். திரும்பி வந்த மச்சினனிடம், வாங்கியது சரிதானா என்று கேட்டேன்.

"மேடு வந்தப்பல்லாம் பச்சையை நெனச்சேன் மாமா. ஆஸ்பத்திரி வாசல்ல கதவைத் திறந்தப்ப சிவப்பே தேவலன்னு பட்டுச்சு. வர்ற வழியில மறுபடியும் மேடு."