தோள் மாற்றும்போது கேட்பார்கள்

போன தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். காரமடையில் பஸ் ஏறி, பில்லூர் போகிற வழியில் காட்டுக்குள் ஒரு வளைவில் இறங்கினேன். அங்கிருந்து மலை ஏறினால் ஓர் இருளர் பதி வரும். பதி என்றால் அவர்களுடைய ஊர். கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் ராகிக் காடு, அதற்கு மேலே நிஜமான காடு. சைக்கிள்கூட ஏற முடியாத ஒற்றையடித் தடம்தான் பாதை. ரேஷன் அரிசியிலிருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் எல்லாம் மனுஷன் தோளில்தான் ஏறும்.

நான் கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்து, மாவு அரைக்கிற மெஷின் செய்து விற்கிறவன். கற்றுக்கொண்டதெல்லாம் பட்டறையில்தான். வாய் மட்டும் ஓயாது. "உங்க மெசினை விட உங்க வாய்தான் அதிகமா அரைக்குது" என்று வீட்டில் சொல்வார்கள். நாலு பேர் பேசுகிற இடத்தில் நின்று கேட்பதும், கேட்டதை நாற்பது பேரிடம் சொல்வதும் எனக்குப் பிடித்த வேலை.

அந்தப் பதியின் மகளிர் குழுவுக்கு, சோலாரில் ஓடுகிற ராகி மெஷின் ஒன்று செய்திருந்தேன். அதைப் பொருத்தத்தான் போனேன். அதுவரை அவர்கள் ராகியைத் தலையில் சுமந்து கீழே கொண்டுபோய், அரைத்து, மாவோடு மறுபடி மலை ஏற வேண்டும். ஒரு நாள் பொழுது அதற்கே சரியாகிவிடும். ரோட்டோரம் வந்து இறங்கிய மெஷினை மூங்கில் தடியில் கட்டி ஆண்கள் தோளில் தூக்கி வந்தார்கள். கையை வீசிக்கொண்டு பின்னால் ஏறிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மெஷினைப் பொருத்தி ஓட்டியதும் முதல் மாவு வந்தது. குழுத் தலைவியம்மா அதை உள்ளங்கையில் வாங்கி மோந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கையில் கொஞ்சம் கொட்டினார். அப்படியே கை மாறி மாறி அந்த மாவு ஊரையே சுற்றி வந்தது. மதியம் அந்த மாவிலேயே களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றினார்கள். இன்னும் நாக்கில் இருக்கிறது.

சாப்பிடுவதற்கு முன்னால் ஊற்றில் கையை ஒழுங்காகக் கழுவியிருந்தால் வம்பில்லை. நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்க்கலாம் என்று சாப்பாடு முடிந்து மறுபடி ஊற்றுக்குப் போனேன். பாசி பிடித்த பாறை. கால் வழுக்கியதும் கணுக்காலில் ஒரு சத்தம் கேட்டது. எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. பார்க்கப் பார்க்கக் கால் வீங்கியது.

பொழுது சாய்ந்தால் இறங்குகிற வழியில் இருக்கும் ஓடைப் பள்ளத்துக்கு யானைகள் தண்ணீர் குடிக்க வரும். அதற்குள் அந்த ஓடையைத் தாண்டியாக வேண்டும். யாராவது கை கொடுத்தால் நொண்டியடித்தே இறங்கிவிடுகிறேன் என்றேன்.

"நொண்டியடிச்சுட்டுப் போனா நாளைக்குத்தானுங்கண்ணா போய்ச் சேருவீங்க. பேசாமப் படுங்க" என்றார் குழுத் தலைவியம்மா.

அவர் வீட்டிலிருந்து ஒரு ஜமக்காளம் வந்தது. துவைத்து மடித்து வைத்திருந்தார்கள். கல்யாணம் காட்சிக்குக்கூட அதை விரிப்பதில்லையாம். நடக்க முடியாதவர்களைக் கீழே கொண்டுபோக மட்டும்தான் எடுப்பார்களாம். காலையில் மெஷின் ஏறி வந்த அதே மூங்கிலில் அதைத் தூளி மாதிரி கட்டினார்கள். பிரசவத்துக்குப் போகிற பெண்கள், காய்ச்சல் கண்டவர்கள் எல்லாரும் போன தூளியில், எண்பது கிலோவைத் தாண்டிய நான் படுத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"காலைல மெசினைத் தூக்கியாந்தோம், இப்ப மெசின்காரரைத் தூக்கறோம். மெசினே தேவலைங்க, அதுக்குக் கைப்பிடி இருந்துச்சு" என்றார் பின்னால் பிடித்தவர். எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் பிடித்தவர் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். தலைப்பாகையைச் சுருட்டித் தோளில் வைத்து, தடி அதில் பதிந்து உட்கார்கிறதா என்று பார்ப்பதிலேயே கவனமாக இருந்தார்.

கிளம்பும் முன் குழுத் தலைவியம்மா ஒரு விஷயம் சொன்னார். வழியில் அடிக்கடி தோள் மாற்றுவார்கள். அப்போதெல்லாம் முன்னால் இருப்பவர் "இருக்கீங்களா?" என்று கேட்பார். நான் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஏதோ மரியாதைக்குக் கேட்பார்கள் போல என்று நானும் தலையாட்டினேன்.

குழுத் தலைவியம்மாவும் கூடவே இறங்கினார். இறக்கத்தில் பேச்சு களைகட்டியது. மெஷின் வந்ததால் இனி மாமியார் வீட்டுக்கு மாவு கொடுத்தனுப்பலாம் என்று ஒருவர் சொல்ல, உங்கள் மாமியார் மாவோடு உங்களையும் திருப்பி அனுப்பிவிடுவார் என்று இன்னொருவர் வாரினார். நடுநடுவே தோள் மாற்றம். "இருக்கீங்களா?" "இருக்கேனுங்க." தடி ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போவது எனக்குத் தெரியவே தெரியாது. அத்தனை பதமாக மாற்றுவார்கள்.

பாதி வழியில், பஸ் இறங்கி மேலே வந்துகொண்டிருந்த பக்கத்துப் பதிப் பெண்கள் எதிர்ப்பட்டார்கள். அதில் ஒருத்தி தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். மீசையோடு ஒரு முகத்தை அவள் எதிர்பார்க்கவில்லை.

"இதென்னங்க, ஆம்பளைக்குப் பிரசவமா?"

மலையே சிரித்த மாதிரி இருந்தது எனக்கு. ஜமக்காளத்தின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். இனி கீழே போகும்வரை வாயே திறப்பதில்லை என்று கண்ணையும் மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நானாக வாயை மூடியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

கொஞ்ச தூரத்தில் தோள் மாற்றினார்கள். "இருக்கீங்களா?"

நான் பேசவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

"மெசின்காரரே, இருக்கீங்களா?"

அதற்கும் பேசவில்லை.

பேச்சு சட்டென்று நின்றது. தூளி தரையில் இறங்கியது. யாரோ என் முகத்துத் துணியை விலக்கினார்கள். என் மூக்குக்கு அருகில் ஒரு விரல். இன்னொரு கை என் நெஞ்சில். கண்ணைத் திறந்தேன். முன்னால் பிடித்தவர்தான். அவர் முகம் இருந்த இருப்பை என்னால் எழுத முடியவில்லை.

"ஒண்ணுமில்லீங்க, சும்மா கண்ணை மூடினேன்" என்றேன். அவர் போய், தள்ளி ஒரு பாறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

குழுத் தலைவியம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே மெல்லச் சொன்னார். ஒரு மழைக்காலத்தில் அவருடைய மனைவியைக் காய்ச்சலோடு இதே தடத்தில் தூக்கி வந்தார்களாம். அன்றைக்கும் அவர்தான் முன்னால். பாதி வழிவரை பதில் வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் வரவில்லை. முன்னால் தூக்குகிறவர் திரும்பிப் பார்க்க முடியாது, பின்னால் இருப்பவருக்குத் தூளித் துணிதான் தெரியும். தூளிக்குள் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று தெரிய அந்த ஒரு சொல்லை விட்டால் வேறு வழியில்லை.

முன்னால் பிடித்தவர் எழுந்து வந்து மறுபடி தலைப்பாகையைச் சுருட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தூக்கம் வந்தாத் தூங்குங்க. தூங்கறேன்னு சொல்லிப்போட்டுத் தூங்குங்க, அது போதும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் தூங்குவேனா? வாயைத் திறந்தேன். கணபதிப் பட்டறைக் கதை, காந்திபுரத்தில் பஸ் மாறி ஏறி கருமத்தம்பட்டியில் போய் முழித்த கதை, மாமனார் வீட்டு விருந்தில் நாற்காலி உடைந்த கதை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்பதற்கு முன்னாலேயே "இருக்கேனுங்க" என்றேன். கடைசியில் பின்னால் பிடித்தவர் பொறுக்க மாட்டாமல், "ஏனுங்க, இவரை எந்தப் பட்டனை அமுக்கினா நிறுத்தலாம்?" என்று கேட்டார். அப்போதுதான் முன்னால் இருந்தவர் தோள் குலுங்கியது. தடி வழியாக அந்தச் சிரிப்பு எனக்கும் வந்து சேர்ந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே பள்ளத்தைத் தாண்டினோம். ரோட்டில் ஒரு ஜீப் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கால் இப்போது நன்றாக இருக்கிறது. மழைக்கு முன்னால் இன்னொரு தடவை பதிக்குப் போய் வந்தேன், இந்த முறை இரண்டு வழியும் நடந்தே. மெஷின் ஓடுகிறது. ஜமக்காளம் துவைத்து மடித்து அதே வீட்டில் இருக்கிறது. அது தேவைப்படாமல் இருக்க ரோடு வர வேண்டும். வரும் என்கிறார்கள்.

பதியில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் செல்போன் எடுக்கும். முன்னால் பிடித்தவர் எப்போதாவது அதில் ஏறி எனக்குப் போன் போடுவார். ஹலோவெல்லாம் கிடையாது. எடுத்ததும், "இருக்கீங்களா?" என்பார். பட்டறையில் எத்தனை மெஷின் இரைந்தாலும், வெளியே ஓடி வந்து அவர் காதில் விழுகிற மாதிரி "இருக்கேனுங்க" என்பேன். எத்தனையோ கதை பேசித் திரிந்திருக்கிறேன். ஆனால் நான் சொல்கிற ஒரு சொல்லுக்காக ஒருவர் காது கொடுத்துக் காத்திருக்கிறார் என்று தெரிந்து பதில் சொல்லப் பழகியது அந்த ஜமக்காளத் தூளியில்தான்.