மார்க்கெட் பையில் வந்த நோயாளி

கல்கத்தாவில், லேக் கார்டன்ஸ் ஹோமியோபதி டாக்டரிடம் காத்திருந்தபோது, ஒரு தமிழ் மாமி மார்க்கெட் பையில் பூனையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாராவது நெருங்கினால் பூனை உறுமியது. அவர் ஒவ்வொரு முறையும் "சரிதான்" என்று தலையாட்டினார்.

"மிருக டாக்டர்கிட்ட காட்டலையா மாமி?" என்றேன்.

"காட்டியாச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லையாம். சாப்பிடமாட்டேங்கறது, கட்டிலடியை விட்டு வரமாட்டேங்கறது. என் பிள்ளை தூக்க வந்தா கடிக்கறது."

"எப்போலேர்ந்து?"

"ஃப்ளாட்டை வித்துட்டு நியூ டவுன்ல என் வீட்டுக்கு வந்துடு, அங்க பூனை கூடாதுன்னு அவன் சொன்னான். அன்னிலேர்ந்து."

"கோபம் தணிய இங்க நல்ல மருந்து தருவார்."

"பசிக்கு மட்டும்தான் கேக்கப்போறேன். கோபம் அப்படியே இருக்கட்டும்."

பூனை தலையை நீட்டி அவர் விரலை நக்கியது. அந்தக் கையில் ஒரு கீறல்கூட இல்லை.