ஐந்தாம் மாடிக் காற்று

என் வாழ்நாளில் நான் கை நீட்டி அடித்தது ஒரே ஒருவரைத்தான். அவள் என்னைவிட இருபது வயது இளையவள், மூன்று வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் ஐந்தாம் மாடியில், ஒரு நவம்பர் மாத மதியத்தில் அது நடந்தது.

அப்போது நான் ஓர் இணைச் செயலாளருக்குத் தனிச் செயலராக இருந்தேன். அவருடைய போனை எடுப்பது, கோப்புகளை உள்ளே அனுப்புவது, அவர் சொல்வதைத் தட்டச்சு செய்வது என் வேலை. குளிர்காலம் வந்தால் நாடாளுமன்றக் கேள்விகளும் வரும். டெல்லிப் புகை குழந்தைகளின் நுரையீரலை என்ன செய்கிறது என்று யாராவது ஓர் உறுப்பினர் கேட்பார். பதில் எனக்கு மனப்பாடம். பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதெல்லாம் தெரியாதவர் அந்த மாடியில் ஒருவரும் கிடையாது.

அன்று காலைகூட ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த படிவத்தை அதிகாரிக்காக நான்தான் நிரப்பினேன். சுற்றுச்சூழல் கேட்டினால் குழந்தைகளுக்கு வரும் பாதிப்புகளை உயர் அதிகாரிகள் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர் தலை நிமிராமலே, எல்லாவற்றுக்கும் ‘நன்றாகத் தெரியும்’ என்று டிக் போடச் சொன்னார். போட்டேன். அது பொய்யும் இல்லை.

அவருடைய அறையில் காற்றைச் சுத்தப்படுத்தும் ஏர் பியூரிஃபையர் ஒன்று இடுப்புயரத்துக்கு நின்றது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடமே தெரியாத நாட்களிலும் அதில் பச்சை விளக்குதான் எரியும். தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, ஊழியர்களின் குழந்தைகளுக்கான காப்பகம் இருந்தது. அங்கே எந்த இயந்திரமும் கிடையாது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் டீசல் புகை.

நான் அடித்தவள் மூன்றாம் மாடியில் எழுத்தர். திருநெல்வேலிப் பக்கம். ஜனக்புரியிலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் வருவாள். என்னை அண்ணாச்சி என்பாள். காப்பகத்துக்கும் ஒரு பியூரிஃபையர் வேண்டும் என்று அந்த வருஷம் மூன்று மனு கொடுத்திருந்தாள். மூன்றையும் நான் படித்துத்தான் உள்ளே அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மதியம் அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். அவளும் காப்பகத்து ஆயாவும் குழந்தையைக் கீழே இன்னோர் ஆயாவிடம் விட்டுவிட்டு, படியேறி மூச்சிரைக்க வந்தார்கள். குழந்தை இருமி இருமி வாந்தி எடுத்துவிட்டதாம், இழுப்பு வந்துவிட்டதாம். புருஷனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவன் ஆட்டோவில் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அரை மணி ஆகும்.

“அதுவரைக்கும் அந்த மிஷின குடுங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு மூச்சு இழுக்கு. சார் வாரதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்து வச்சிருதேன்.”

சாரைக் கேட்காமல் அவர் அறையில் எதையும் தொட முடியாது என்றேன். அப்படியானால் குழந்தையையாவது இங்கே தூக்கி வரட்டுமா என்று கேட்டாள். அதற்கும் முடியாது என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அறை காலியாகத்தான் இருந்தது.

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பிளக்கைப் பிடுங்கினாள். இயந்திரத்துக்கு அடியில் சக்கரம் இருந்தது. கம்பளத்தின் மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் குறுக்கே நின்று மறுபக்கத்தைப் பிடித்தேன். இருவரும் இழுத்தோம். அவள் குனிந்து என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்கியது. அப்போதுதான் அறைந்தேன். கையை உதறும்போது தவறிப்போய்ப் பட்ட அடி இல்லை அது. தோளைப் பின்னுக்கு இழுத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அடித்தேன்.

அவள் பக்கவாட்டில் சரிந்து இரும்பு பீரோவின் விளிம்பில் போய் மோதினாள். புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, கழுத்துக்கு வந்து, சுடிதாரை நனைத்தது. இயந்திரம் கவிழ்ந்து அதன் முன்பக்கத் தகடு சிதறியது. ஆயா செருப்பைக் கழற்றி என் முகத்தில் மாறி மாறி அடித்தாள். காவலர்கள் வந்து பிடித்த பிறகும் அவளுடைய கை ஓங்கியபடியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் புருஷன் வந்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியைத் தேடி மேலே ஏறி வந்தவன், அவள் முகத்தைப் பார்த்தான். குழந்தையை ஆயாவின் கையில் கொடுத்தான். என்னைச் சட்டையோடு தூக்கிச் சுவரில் இடித்தான். தடுக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. மூன்றாவது குத்தில் விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தபோது எதிரே ஆயாவின் கையில் குழந்தை. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. விலா எலும்புகள் சட்டைக்கு மேலேயே தெரிந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. அழவும் காற்று இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. எத்தனையோ வருஷமாக நான் தட்டச்சு செய்த பதில்களில் இப்படி ஒரு வாய் இருந்ததில்லை.

“அவர விடுங்க,” என்று அவள் புருஷனிடம் சொன்னாள். “முதல்ல பிள்ளையப் பாருங்க.”

அவர்கள் இறங்கி ஓடினார்கள். குழந்தை நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. அவளுக்குப் புருவத்தில் ஆறு தையல். நான் விலாவில் கட்டோடு லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் படுத்துக் கிடந்தேன். என் மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தாள், மருந்து கொடுத்தாள், ஆனால் அந்த ஒரு வாரமும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று அதிகாரி கூப்பிட்டார். ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றார். நான் நடந்ததை நடந்தபடி தட்டச்சு செய்தேன். காப்பகத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறியதால் அவள் வந்தாள், மறுத்தேன், அறைந்தேன்.

அவர் படித்துவிட்டு, அறைந்தேன் என்பதை அப்படியே விட்டார். குழந்தைக்கு மூச்சுத் திணறிய வரியைச் சிவப்பு மையில் அடித்தார். அவர் கோபப்படவே இல்லை. எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரி பொறுமையாக விளக்கினார். இரண்டு ஊழியர்கள் அடித்துக்கொண்டது சின்ன விஷயம். ஆனால் இந்த வரி கோப்பில் ஏறினால், நம் கட்டடத்திலேயே குழந்தைகளுக்கு இப்படி ஆவது நமக்குத் தெரியும் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அவளை வரவழைத்துத் திருத்திய தாளைக் கொடுத்தார்கள். ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது. இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் அரசுச் சொத்தை உடைத்ததாக அவள் மேல் நடவடிக்கை வரும் என்று அதிகாரி இந்தியில் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க அடிச்சத நீங்க எழுதிட்டீங்க. நான் எதுக்கு வந்தேன்னு நான் எழுதுதேன்.”

என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, அடித்திருந்த வரியையே தாளின் அடியில் தன் கையால் திரும்ப எழுதி, கையெழுத்துப் போட்டாள். மூன்று மனுக்களின் தேதியையும் கீழே குறித்தாள். அதிகாரி கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு தாளை எடுத்தேன். விலாவில் வலி கத்தியாகக் குத்தியது. அங்கேயே என் கையெழுத்தையும் போட்டு, நேரே போய் அனுப்புகைப் பதிவில் எண் போட்டுக்கொண்டேன். எண் விழுந்த தாளை இனி யாரும் கிழித்துப் போட முடியாது. நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், அதுவும் அடித்ததற்குப் பிறகு.

அந்தத் தாளுக்கும் பதில் வரவில்லை. எனக்குத் தண்டனைக் குறிப்பு வந்தது. தரைத்தளத்துக்கும் கீழே இருந்த பழைய கோப்புகள் பிரிவுக்கு மாற்றினார்கள். பியூரிஃபையருக்குப் புதுத் தகடு மாட்டி அதே அறையில் வைத்தார்கள். காப்பகத்துக்கு வெள்ளையடிக்கப் போவதாகச் சொல்லிப் பூட்டினார்கள். பிப்ரவரியில், புகை விலகிய பிறகு, திறந்தார்கள்.

மார்ச்சில் ஒரு நாள் லிஃப்டில் அவளைத் தனியாகப் பார்த்தேன். புருவத்தில் தழும்பு இருந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. மன்னிச்சிரும்மா என்றேன். அவள் கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த மாடி எண்ணைப் பார்த்தாள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ஊரில் அக்காள் வீட்டில் விட்டிருக்கிறாளாம்.

“அங்க அவ நல்லா ஓடுதா அண்ணாச்சி. இருமலே இல்ல. நேத்து போன்ல என் குரலக் கேட்டுட்டு, இது யாருன்னு அவ பெரியம்மாகிட்ட கேக்கா.”

மூன்றாம் மாடி வந்தது. அவள் இறங்கிப் போனாள்.